சர்க்கார் வீட்டுக் குடித்தனம்

“குவார்ட்டர்ஸ் கிடைச்சாச்சா?”

1970-களில் சென்னையில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், சம்பளத்தைக் கேட்ட கையோடு கேட்ட கேள்வி இது. சொந்த வீடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. இளநிலை உதவியாளனுக்கு ஏது சொந்த வீடு? குவார்ட்டர்ஸ் இருந்தால், தங்கள் பெண் மயிலாப்பூர்ச் சந்தில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்று குடத்தோடு நிற்க வேண்டியதில்லை. மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்க மாட்டார். அந்த நிம்மதியைத்தான் அப்படி விசாரித்தார்கள்.

இப்போது என் வயதுக்காரர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் எழுபதைத் தாண்டியும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் சிலர் உண்டு. நானும் அதில் ஒருவன். “கவர்மென்ட் வாடகைக்கு வீடு கொடுக்குமாமே, நமக்கெல்லாம் உண்டா? மனு எங்கே கொடுக்கணும்?” என்று கேட்கிறார்கள். பதிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பதில் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் எண்பது வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். 36 வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். சட்டமும் அரசாணையும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் கொண்டுவந்த சட்டம்

மெட்ராஸில் வீட்டு வாடகை விஷயத்தில் சர்க்கார் கை வைத்தது இரண்டாம் உலக யுத்தத்தின்போதுதான். 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அடுத்த வருஷமே ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் பாதி ஊர் காலி. பெட்டி படுக்கையோடு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் போனவர்கள் திரும்பி வந்தபோது, கூடவே பிழைப்புத் தேடிப் புதிதாகவும் ஜனங்கள் வந்தார்கள். 1941 மக்கள்தொகைக் கணக்கில் நகரத்தில் 7.77 லட்சம் பேர். 1951-ல் 14.16 லட்சம். இடையில் 1946-ல் நகர எல்லை விரிந்து சைதாப்பேட்டை போன்ற பகுதிகள் சேர்ந்தது ஒரு காரணம் என்றாலும், பத்து வருஷத்தில் இத்தனை பேருக்கு வீடு எங்கிருந்து முளைக்கும்?

ஆகவே யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் ஒரு சட்டம், கடைசியாக 1960-ஆம் வருஷத்து 18-ஆவது சட்டம். நம் தலைமுறை ‘ரென்ட் கன்ட்ரோல்’ என்று சொன்னது இந்த 1960 சட்டத்தைத்தான். நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அதில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு ‘நியாய வாடகை’ நிர்ணயிப்பார்கள். பின்னாளில் குடியிருப்புக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று இருந்தது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிய வாசகர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவை இன்று அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டார்கள். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் வீட்டுக்காரர் அதற்கென்று இருந்த அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ‘அக்காமடேஷன் கன்ட்ரோலர்’ என்பார்கள். அவர் அடுத்த ஏழு நாளுக்குள், இந்த வீடு சர்க்காருக்கோ சர்க்கார் ஊழியர் குடியிருக்கவோ தேவை என்று சொல்லிவிட்டால், வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறு யாருக்கும் விட முடியாது. பதில் வரவில்லை என்றால் யாருக்கு வேண்டுமானாலும் விடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த 1972-ல் இது நடைமுறையில் இருந்தது. தனியார் வீட்டில் ‘அலாட்மென்ட்’டில் குடியிருந்த மூத்த எழுத்தர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு. அவர்களைக் கண்டால் வீட்டுக்காரருக்கு ஆகாது. ‘டு லெட்’ பலகை மாட்டினால் கன்ட்ரோலர் கண்ணில் பட்டுவிடும் என்று, காலி வீட்டின் ஜன்னலில் துணியைக் காயப்போட்டு வைத்திருந்த ஒரு மாமியை எனக்குத் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கார் ஊருக்குள் இருந்த வாடகை வீடுகளை எடுத்தது உண்மை. ஆனால் எடுத்துக் கொடுத்தது தன் ஊழியர்களுக்கு. தெருவில் போகிற குடித்தனக்காரனுக்கு அந்தச் சட்டம் வாடகையில் பாதுகாப்புக் கொடுத்ததே தவிர, வீடு கொடுக்கவில்லை.

மனை விற்றார்கள், வீடு விற்றார்கள்

சர்க்காரே வீடு கட்டவில்லையா என்றால், கட்டியது. அதற்கு முன்னால் மனை பிரித்தது. 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் கீழ், ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில், மாம்பலத்தில் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டானதுதான் தியாகராய நகர். பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு, நாயர் ரோடு, நடேசன் பூங்கா என்று கட்சிக்காரர்கள் பெயரெல்லாம் அங்கே நிலைத்துவிட்டன. ஆனால் அது மனை வாங்கச் சக்தி உள்ளவர்களுக்காக உண்டான நகர். 1940-களின் கடைசியில் அடையாறு காந்தி நகர் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் மூலம் எழுந்தது. சங்கத்தில் பங்கு போட முடிந்தவர்களுக்கு நல்ல ஏற்பாடு. வாடகைக்காரர்களுக்கு அங்கும் இடமில்லை.

1947-ல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வேலையைத் தொடங்கியது. இன்றைக்கு மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி, தி.நகர் பக்கம் சி.ஐ.டி. நகர் என்ற பெயர்களைப் பார்த்து, ரகசியப் போலீஸ்காரர்கள் குடியிருந்த இடம் போலிருக்கிறது என்று என் பேரன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த டிரஸ்ட்டின் முதலெழுத்துகள்தான் அவை. 1961-ல் வீட்டுவசதி வாரியச் சட்டம் வந்து, டிரஸ்ட்டின் வேலையை வாரியம் எடுத்துக்கொண்டது. சாஸ்திரி நகர், பெசன்ட் நகர், இந்திரா நகர் என்று அடையாறுக்குத் தெற்கே ஊர் விரிந்தது வாரியத்தின் காலத்தில்தான். குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்று மூன்று அளவு. குலுக்கலில் பெயர் விழுந்தால் தவணை கட்டி, கடைசித் தவணை முடிந்ததும் விற்பனைப் பத்திரம். வீட்டைக் கட்டிப் பார் என்ற பழமொழிக்குப் பதிலாக வீட்டுத் தவணையைக் கட்டிப் பார் என்று ஆனது.

வாரியம் வாடகைக்கும் வீடு கட்டியது. பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த ஃபோர்ஷோர் எஸ்டேட், ராயப்பேட்டையில் லாயிட்ஸ் காலனி, பீட்டர்ஸ் காலனி என்று வரிசையாகச் சொல்லலாம். சைதாப்பேட்டை டாட்ஹன்டர் நகர் பொதுப்பணித் துறையின் பராமரிப்பில் இருந்தது. வாரியத்தின் வாடகை வீடுகளில் பெரும்பகுதி, தமிழ்நாடு அரசு வாடகைக் குடியிருப்புத் திட்டம் என்ற பெயரில் அரசு ஊழியர்களுக்குப் போனது. கொஞ்சம் வீடுகளைப் பொதுமக்களில் சிலருக்கு, சமூக சேவகர், பத்திரிகையாளர் என்ற மாதிரித் தகுதிகளின் பேரில், அரசு தன் விருப்புரிமையில் ஒதுக்கியது. விருப்புரிமை என்றால் வரிசை கிடையாது. வரிசை இல்லாத இடத்தில் சாதாரண ஆளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பதிவேடு தேர்ந்தெடுத்த பக்கத்து வீட்டுக்காரர்

எனக்கு 1979-ல் பி வகை வீடு ஒன்று கிடைத்தது. எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை. மழைக்கு ஒழுகிய மேல்தளத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறதே! சம்பளத்தை வைத்து ஏ, பி, சி, டி, இ என்று வகை பிரித்திருந்தார்கள். அலுவலகத் தலைவர் மூலம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பதிவு மூப்பின்படி பெயர் வரும். ஒதுக்கீட்டு ஆணை கையில் கிடைத்த மாதத்திலிருந்து வீட்டு வாடகைப்படி நின்றுவிடும். வாடகையைச் சம்பளப் பட்டியலிலேயே பிடித்துவிடுவார்கள்.

ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. மூன்றாம் மாடி. கோடையில் தளம் கொதிக்கும், ஐப்பசியில் ஒழுகும். பழுது பார்க்கச் சொல்லி நான் எழுதிய மனுக்களைக் கட்டி வைத்திருந்தால் அதுவே ஒரு தடுப்புச் சுவராகியிருக்கும். ஆனாலும் அந்த 29 வருஷத்தை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். வாடகை குறைச்சல் என்பது காரணங்களில் ஒன்றுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி மெட்ராஸுக்கு வந்த எனக்கு, இங்கே வாடகை வீடு தேடிய முதல் அனுபவம் மறக்காது. கதவைத் திறந்தவர்கள் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஆபீஸைக் கேட்கவில்லை. “நீங்க யாரு, எவா?” என்றுதான் கேட்டார்கள். அடுத்தது, “மாமிசம் உண்டா?” பதில் பிடிக்காவிட்டால் வீடு நேற்றே முடிந்துவிட்டிருக்கும். குவார்ட்டர்ஸில் இந்தக் கேள்வியே கிடையாது. எனக்கு இடது பக்கம் கருவூலத்தில் கணக்கர், வலது பக்கம் தட்டச்சர் அம்மா ஒருவர், கீழே போலீஸ் ஆபீஸில் அமைச்சுப் பணியில் இருந்தவர், எதிரே ஒரு டவாலியின் மகன், அப்பனைத் தாண்டி உதவியாளர் ஆனவர். அவரவர் எந்த ஜாதி என்று பதிவேட்டுக்குத் தெரியலாம், மாடிப்படிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கவில்லை, பதிவு மூப்பு தேர்ந்தெடுத்தது. சேரியில் பிறந்த பையனும் அக்ரகாரத்தில் பிறந்த பையனும் ஒரே மொட்டை மாடியில் பட்டம் விட்டார்கள், ஒரே விளக்கடியில் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்தார்கள். நூறு மாநாடுகள் சாதிக்காததை ஒரு ஒதுக்கீட்டுப் பதிவேடு சத்தமில்லாமல் செய்தது.

2008-ல் ஓய்வு பெற்றேன். சால்வை, மாலை, மசால் வடை. பிறகு சாவி. குவார்ட்டர்ஸைக் காலி செய்து நிலுவை இல்லை என்று சான்று வாங்கினால்தான் ஓய்வூதியக் கோப்பு நகரும். வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறான். 58 வயதில் மறுபடியும் மந்தைவெளியில் கதவு தட்டினேன். பழைய கேள்விகளோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: “வயசானவாளா? கூட யார் இருப்பா?”

இந்தக் குடியிருப்புகளும் இன்று பழைய மாதிரி இல்லை. பல இடிந்தன, பல இடிக்கப்பட்டன, சில புதிதாக எழும்புகின்றன. 2019 மே மாதம் தி.நகர் சி.ஐ.டி. நகரில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பழைய வாடகைக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று எல்லாருக்கும் உத்தரவு. அதில் ஒரு வீட்டில் இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் இரா. நல்லகண்ணு, அப்போது 94 வயது. 2007-ல் அரசு அவருக்கு ஒதுக்கிய வீடு. அதே குடியிருப்பில் முன்னாள் அமைச்சர் கக்கனின் குடும்பத்தாரும் இருந்தார்கள். நல்லகண்ணு மறுபேச்சுப் பேசாமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு கே.கே. நகரில் வாடகை வீட்டுக்குப் போனார். பத்திரிகைகள் எழுதின, அரசு மாற்று வீடு பற்றிப் பேசியது. நாடறிந்த மனிதருக்கே 94 வயதில் ஒரு உத்தரவுக் காகிதம் போதுமானதாக இருந்தது. பெயர் தெரியாத குடித்தனக்காரர்களுக்காக எந்தப் பத்திரிகை எழுதும்?

குப்பத்துக்கு மாடி, மாடத்தெருவுக்குக் கோயில்

ஏழைகளுக்கென்று தனி வாரியம் வந்தது 1970 செப்டம்பரில். கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது உருவான குடிசை மாற்று வாரியம் அது. அடுத்த வருஷம் அதற்கான சட்டமும் வந்தது. ஏழு ஆண்டுகளில் சென்னையைக் குடிசை இல்லாத ஊராக்குவது என்று இலக்கு. கணக்கெடுத்தபோது 1,202 குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 1.64 லட்சம் குடும்பங்கள் இருந்தன. மெரினா ஓரம் நொச்சிக்குப்பத்தில் எழுந்த அடுக்கு வீடுகள் அந்த ஆரம்ப உற்சாகத்தின் அடையாளம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் அதன் மேன்மை. மீனவர் கடலை விட்டுப் போக வேண்டியதில்லை, வீட்டு வேலைக்குப் போகும் அம்மா சாந்தோமை விட்டுப் போக வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் இந்த வீடுகள் சொற்ப வாடகைக்குத்தான் விடப்பட்டன. வாடகை சரியாக வசூலாகவில்லை. வாடகை வராததால் பராமரிப்பு இல்லை, பராமரிப்பு இல்லாததால் வாடகை கொடுக்க யாருக்கும் மனசில்லை. 1977-ல் உலக வங்கிக் கடன் வந்தபோது கொள்கை மாறியது. அடுக்கு வீடு கட்டி வாடகைக்கு விடுவதை விட, மனையும் வசதியும் செய்துகொடுத்துத் தவணையில் அவர்களுக்கே எழுதிக் கொடுப்பது மேல் என்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் மனைத் திட்டங்கள் அப்படி வந்தவை. பிறகு ஊருக்குள் நிலம் விலையேற, 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், அதன் பின் பெரும்பாக்கம் என்று ஏழைகளின் வீடு நகரத்தை விட்டுத் தள்ளிப் போனது. 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று ஆனது. இன்று அது கொடுப்பது வாடகை வீடு அல்ல. பயனாளி தன் பங்குத் தொகையைக் கட்டி வாங்கிக்கொள்ளும் வீடு.

மயிலாப்பூர்க்காரர்கள் இன்னொரு வீட்டுக்காரரைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். கபாலீஸ்வரர்தான் அவர். மாடவீதிகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மனையில், கோயில் வீட்டில் குடியிருந்தவர்கள் ஏராளம். மனை கோயிலுடையது, மேலே கட்டடம் குடியிருப்பவருடையது என்றால் அதற்கு அடிமனை வாடகை. வாடகை குறைவு, வெளியேற்றுவார்களோ என்ற பயமும் குறைவு. சர்க்கார் செய்யாததைச் சாமி செய்தார் என்று சொல்வார்கள். ஆனால் 1976-ல் ஒரு அரசாணை, மத அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 1985-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. குடியிருப்பவர் நிலத்தை வாங்கக் கேட்கலாம் என்று 1921-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமையிலிருந்தும் 1996-ல் கோயில் நிலங்கள் விலக்கப்பட்டன. இப்போது அறநிலையத் துறைச் சட்டப்படி நியாய வாடகைக் குழு சந்தை மதிப்பைப் பார்த்து வாடகை நிர்ணயிக்கிறது. கோயில் சொத்துக்கு உரிய வருமானம் வர வேண்டும் என்பது நியாயம்தான். ஆனாலும் மாடவீதியில் தேர் பார்த்தே வயதான குடித்தனக்காரரின் கவலையும் பொய்யல்ல.

என் அத்தை மகனும் ஆஷ்-எல்-எம்மும்

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கிருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். சொல்தாவாக இருந்த என் அத்தையின் புருஷன் எழுதிக்கொடுத்தார். அவர் மகன், எனக்கு இரண்டு வயது இளையவன், பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் குடியேறினான். அவன் எழுதிய கடிதங்களில் அடிக்கடி வந்த வார்த்தை ‘ஆஷ்-எல்-எம்’. மூன்று பிரெஞ்சு வார்த்தைகளின் முதலெழுத்து. மிதமான வாடகையில் குடியிருப்பு என்று பொருள்.

1894-லேயே பிரான்சில் ‘மலிவான வீடுகள்’ என்ற பெயரில் இதற்குச் சட்டம் வந்தது. 1950-ல்தான் இன்றைய பெயர். 1954 பிப்ரவரி 1 அன்று, வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்ட ஒரு பெண் பாரிஸ் நடைபாதையில் குளிரில் விறைத்துச் செத்தாள். அன்றைக்கே அப்பே பியேர் என்ற பாதிரியார் ரேடியோவில் அதைச் சொல்லி நாட்டையே உலுக்கினார். அதன் பின் குளிர்காலத்தில் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது என்று 1956-ல் சட்டம் வந்தது. 2000-ல் வந்த சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஊர்களில் நூற்றுக்கு இருபது வீடாவது இந்த மாதிரி வாடகை வீடாக இருக்க வேண்டும் என்றது.

அத்தை மகன் முதலில் மனு கொடுத்தது ‘மேரி’யில், அதாவது நகரசபை அலுவலகத்தில். 1998-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு மனுதாரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு எண். எத்தனை பேர் குடும்பத்தில், வருமானம் எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரே படிவம். உத்தியோகம் எந்த இலாகா என்று கேட்பதில்லை. வருமானம் உச்சவரம்புக்குள் இருந்தால் போதும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் எண் போய்விடும். வீடு காலியானால் ஒரு குழு உட்கார்ந்து மனுக்களைப் பார்த்துத் தீர்மானிக்கும். ஓய்வு பெற்றாலும் காலி செய்யச் சொல்வதில்லை.

அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பாரிஸ் பக்கம் பல வருஷம் காத்திருக்க வேண்டும். இன்று 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன. கறுப்புத் தோலைக் கண்டால் கோப்பு கீழே போகிறது என்று அத்தை மகனே புலம்பியிருக்கிறான். ஆனால் அந்த 25 லட்சம் என்ற எண்ணிக்கை இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே காத்திருப்பவர்களை எண்ண முடிகிறது. எண்ண முடிவதால் பத்திரிகை கேட்கிறது, பார்லிமெண்டில் கேட்கிறார்கள், எத்தனை கட்டினீர்கள் என்று மந்திரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று நமக்கு என்ன வழி?

இப்போது பூங்கா நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற, சொந்த வீடு இல்லாத, குடிசைப் பகுதியிலும் இல்லாத ஒரு சென்னைவாசி வாடகைக்கு வீடு வேண்டும் என்று மனு கொடுக்க ஜன்னல் எதுவும் இல்லை. இதுதான் நேரான பதில். இருக்கிற கதவுகள் இவை:

பணியில் இருக்கும் அரசு ஊழியருக்கு அரசு வாடகைக் குடியிருப்புத் திட்டம் இன்றும் உண்டு. பிள்ளையோ மருமகளோ அரசு வேலையில் இருந்தால் முதலில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். மூப்பு பதிந்த நாளிலிருந்துதான்.

வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் எங்கும் குடும்பத்தார் பெயரில் நல்ல வீடு இல்லாதவர்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். தலைமை அலுவலகம் காமராஜர் சாலையில். ஆதாரும் வருமானச் சான்றும் தயாராக இருக்க வேண்டும். இது வாடகை அல்ல, பங்குத் தொகை கட்ட வேண்டும், மாதப் பராமரிப்பும் உண்டு. எந்த இடத்தில் வீடு என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயிலாப்பூரில் டாக்டர் பார்ப்பவர் பெரும்பாக்கத்தில் போய் என்ன செய்வார்?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் உண்டு, அடையாறிலும் ஒன்று இருக்கிறது. 2020-ல் கொரோனாவில் தொழிலாளர்கள் கால்நடையாக ஊர் திரும்பிய காட்சியைப் பார்த்த பிறகு, மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024-ல் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீட்டுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அதே 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும்படி சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அதுவும் வேலையோடு சேர்ந்த படுக்கைதான். நான் இருந்த குவார்ட்டர்ஸின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாருக்கும் தனியார் வீடுதான். அங்கே 1960 சட்டம் போய், 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகை என்ற பேச்சே இதில் இல்லை. வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. ஆகவே ஒப்பந்தம்தான் நம் கேடயம். எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிந்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மாதிரி நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி உங்களை விரட்டக் கூடாது. வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது, இல்லாவிட்டால் வங்கி மூலம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற முதியவர்கள் இதை எல்லாம் ‘சங்கோஜமாக இருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். காகிதம் கேட்பது அவமரியாதை இல்லை.

ஆபீஸில் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வந்த கடிதத்துக்கு ந.க. எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்றாத வரை அது வெறும் காகிதம். எண் போட்ட பிறகு அதற்கு உயிர் வந்துவிடும். யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சென்னையில் வாடகை வீட்டுக்காகத் தவிக்கும் வயதானவர்கள், விதவைகள், ஜாதி கேட்டுக் கதவு சாத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாளைக்கே எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வாடகை அதிகாரியின் அலுவலகங்கள் இருக்கின்றன, இணையதளமும் இருக்கிறது. அங்கே ஒரு படிவம் வைக்கட்டும். யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கட்டும், கொடுத்தவருக்கு ஒரு எண் கொடுக்கட்டும். இடித்துக் கட்டுகிற வாடகைக் குடியிருப்புகளில் நூற்றுக்குப் பத்து வீட்டை அந்த எண் வரிசைப்படி, வேலையைக் கேட்காமல், வாடகைக்கு விடட்டும். பூங்கா நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒரு மனு எழுதியிருக்கிறோம். வீட்டுவசதித் துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் போகிறது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.